பள்ளம் வரும்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில் இன்று நிலத்தோற்றங்கள் தொடங்கினேன். மலை, குன்று, பீடபூமி, சமவெளி, பள்ளத்தாக்கு, கணவாய். நாகப்பட்டினம் பக்கம் பதினோரு வருடம் இதே பாடத்தை நடத்தியபோது மலை என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போடுவேன். அங்கே பிள்ளைகள் கண்ணால் கண்ட உயரமான இடம் ரயில்வே மேம்பாலம்தான். இங்கே பெருங்கரட்டில் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மலை எதிரே நிற்கிறது. நான் வழக்கம்போல முக்கோணம் போட்டேன். கோகிலவாணி என்ற பெண் ஜன்னலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், முக்கோணத்தை நோட்டில் வரைந்துகொண்டாள்.

ஜூனில் இங்கே வந்து சேர்ந்த வாரம் நடந்த கூத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை. அம்மாவைக் கேட்டால், "காட்டுக்குப் போயிருக்கானுங்க" என்றாள். யானை இறங்கும் மலையடிவாரம். பதறிப்போய்த் தலைமையாசிரியர் குழந்தைவேல் சாரிடம் ஓடினேன். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. இந்த ஊரில் காடு என்றால் மானாவாரி நிலம். பையன் கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். அதேபோலக் குன்று என்றால் கரடு. வீடு என்றால் ஊடு. பரவாயில்லை, எல்லாம் கற்றுக்கொண்டாகிவிட்டது.

நவம்பரில் மாறுதல் கலந்தாய்வு. கிடைத்தால் ஊருக்கே போய்விடலாம். மகள் குழலி அங்கே நாலாம் வகுப்பு படிக்கிறாள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் நான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். இவர் பின்னினால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே.

ஆகஸ்ட் 9, சனி

இன்று எனக்கு அரசாங்க வேலை. கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வரும் பதினாறு குடும்பங்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுத் தரப்போகிறார்கள். போன வருடம் அவர்கள் சாலையோரம் தார்ப்பாய் கட்டிக் கிடந்தார்களாம். இரண்டு புறம்போக்கு இடங்களில் எது நல்லது என்று படிவம் நிரப்ப வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பணியிடம் காலி. படிவத்தின் முதல் கட்டமே "நில அமைப்பு" என்பதால், புவியியல் படித்தவர் யாராவது பார்த்து எழுதட்டும் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தவள் நான் ஒருத்திதான். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தலையாரி சென்னியப்பன் அண்ணன் மொபெட்டில் அழைத்துப் போனார். முதல் இடம் கரட்டுமேடு. முழுக்கப் பாறையும் முள்ளும், கடப்பாரை இறங்காது. இரண்டாவது துறிஞ்சிப்பள்ளம். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரை, கரை மேல் துறிஞ்சி மரங்கள், நடுவில் அகலமாக வெள்ளை மணல். கூட்டிப் பெருக்கி வைத்ததுபோல ஒரு செத்தை இல்லை. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

இருந்தாலும் தாழ்வான இடமாயிற்றே என்று, "இங்க தண்ணி நிக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"பள்ளத்துல தண்ணி நிக்கவே நிக்காதுங்க டீச்சர்" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரிடம் பயம் என்றால் அது நிற்பதில்தான். கார்த்திகையில் மேலத்தெருவில் இடுப்பளவு நின்றால் பத்து நாளுக்கு வடியாது. படிவத்தில் மலை, குன்று, பீடபூமி, சமவெளி, நீரோடை, தாழ்நிலம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். தாழ்நிலம் என்பதற்கு நேராக டிக் போட்டேன். குறிப்பு: "மணற்பாங்கு. நீர் தேங்காது. தற்காலிகக் குடியிருப்புக்கு ஏற்றது." கையெழுத்து: க. மங்கையர்க்கரசி, பட்டதாரி ஆசிரியர்.

மணலில் கிடந்த கூழாங்கல் ஐந்து எடுத்து வந்தேன். வழுவழுவென்று முட்டை மாதிரி. மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்க ஆகும்.

ஆகஸ்ட் 30, சனி

துறிஞ்சிப்பள்ளத்தில் பதினாறு கொட்டகையும் எழும்பிவிட்டன. வெயிலில் தகரம் மின்னுவது பேருந்திலிருந்தே தெரிகிறது. குழந்தைவேல் சார் ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்கும்படி, "நம்ம டீச்சர் பாத்த இடமுங்க" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

கொட்டகைக்காரப் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்தாள். பெயர் அஞ்சலை, ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். கணவன் ஏழுமலை. கரும்புச் சோகை கிழித்த கீறல் இரண்டு கைகளிலும். சேர்க்கைப் படிவத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். இருப்பிடம் எப்படி என்று கேட்டேன். பாராட்டு வாங்க ஆசை.

"மணலு மெத்த மாதிரி இருக்குது டீச்சர். தண்ணிக்குக்கூட அலைய வேணாம். ஒரு முழம் கையால தோண்டுனா ஊறுது" என்றாள்.

நல்ல இடம்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டுத் தேர்வுத் தாள்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் இந்த ஒன்பதாம் வகுப்புதான் காரணம்.

"பள்ளத்தாக்கு – குறிப்பு வரைக" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. இரு மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்வான பகுதி. அவ்வளவுதான். முப்பத்துநாலு பேரில் பத்தொன்பது பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "பள்ளம் வந்து தாக்குவது பள்ளத்தாக்கு எனப்படும்." கோகிலவாணி ஒரு படி மேலே: "மழைக்காலத்தில் பள்ளம் திடீரென்று வந்து ஆடு மாடுகளைத் தாக்குவது பள்ளத்தாக்கு ஆகும். துறிஞ்சிப்பள்ளம் தாக்கியதில் எங்கள் எருமை செத்துப்போனது."

சிவப்பு மையில் எழுதினேன்: "பாடத்தில் உள்ளதை எழுதவும். எருமைக் கதை வேண்டாம்." பூஜ்யம்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் பத்தொன்பது பேருக்கு ஒரே தப்பு வராது. எல்லாரையும் எழுப்பி நிற்கவைத்தேன். யார் பார்த்து யார் எழுதினீர்கள் என்றால், யாரும் பார்க்கவில்லை என்று சாதிக்கிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

மதியம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனேன். சமையல் செய்யும் பழனாத்தாக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், அந்தக் கரும்பு வெட்டற சனத்தப் பள்ளத்துல குடி வெச்சிருக்காங்களே, பள்ளம் வந்தா அதுக எங்கீங்க போகும்?"

"பள்ளம் எப்படிக்கா வரும்? அதுக்குக் கால் முளைச்சிருக்கா?" என்றேன்.

மரியாதைக்குச் சிரித்தார். அப்புறம் தேய்ப்பதில் குனிந்துகொண்டார். கவர்மெண்டு பார்த்துத்தானே வைத்திருக்கும், படித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்களாமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பள்ளம் வந்தால். பள்ளம் வந்து தாக்குவது. இந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே தப்பு.

செப்டம்பர் 22, திங்கள்

சென்னியப்பன் அண்ணனை ஒரு நடை பார்க்க வேண்டும். இன்று நேரமில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்றும் நேரமில்லை.

செப்டம்பர் 24, புதன்

நூலக அலமாரியில் இருந்த அகராதியைப் பார்த்தேன். பள்ளம்: தாழ்ந்த இடம், குழி. நான் எழுதியதுதான் சரி. பாடநூலின் கலைச்சொல் பட்டியலில் பள்ளம் என்ற சொல்லே இல்லை. ஆக, ஒரு தப்பும் இல்லை.

மேஜையில் இருக்கும் கூழாங்கற்களை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன். பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

சென்னியப்பன் அண்ணன் டீக்கடையில் இருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: பள்ளம் என்றால் என்ன?

"பள்ளம்னா பள்ளந்தானுங்க. மலையில மழ பேஞ்சா தண்ணி ஓடற பாதை."

தண்ணீர் நிற்காது என்று சொன்னீர்களே என்றேன். அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"நிக்காதுங்க. பள்ளத்துல தண்ணி எங்கீங்க நிக்கும்? வந்தா ஒரே ஓட்டம். மரத்தையே புடுங்கிட்டுப் போயிரும்."

கடைசியாக வந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். கரை மேலேதான் கொட்டகை போடுவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். நடு மணலில் போட்டபோது கேட்டதற்கு, டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னார்களாம். படித்தவர்கள் கணக்கு வேறு ஏதோ இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

காசு கொடுத்தேனா என்று ஞாபகமில்லை. எழுந்து வந்துவிட்டேன். மணல் எங்கிருந்து வரும், கல் எப்படி உருண்டையாகும் என்று எட்டாம் வகுப்புக்கு நான்தான் நடத்துகிறேன். ஆறு உருட்டிக்கொண்டு வருவதால் கல் வழுவழுப்பாகிறது. ஐந்து மதிப்பெண் கேள்வி.

செப்டம்பர் 26, வெள்ளி

இவரிடம் போனில் சொன்னேன். நிதானமாகச் சொன்னார்: எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், மெமோ வந்தால் நவம்பர் கலந்தாய்வில் பெயர் இருக்காது, ஒன்பது வருடமாக வராதது இந்த ஒரு மாதத்தில் வரவா போகிறது, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இரு. பின்னால் குழலி, "அம்மாவா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறைக்கு ஊரில் இருக்கிறேன். குழலிக்குத் தலை பின்னினேன். பிரிக்கச் சொல்லி மறுபடி பின்னினேன். வானம் சுத்தமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை செய்தியில் வானிலை பார்க்கிறேன் என்று இவர் கேலி செய்கிறார்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்தது. பேருந்து துறிஞ்சிப்பள்ளத்தைக் கடக்கும் பாலத்தை இன்று பார்த்தேன். ஜூனிலிருந்து அதன் மேல்தான் போய் வருகிறேன். பாலத்துக்கு ஆறு கண். வெறும் மணலைத் தாண்ட யாராவது ஆறு கண் வைத்துப் பாலம் கட்டுவார்களா? மேல்புறம் பதினாறு கொட்டகை, கொடியில் துணி, மணலில் குழி தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த இரண்டு பெண்கள்.

அக்டோபர் 8, புதன்

தாலுகா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "மேற்படி இடத்தில் மழைக்காலத்தில் நீர் வரக்கூடும் என்று உள்ளூர் மக்களில் சிலர் கருதுவதால், மறுபரிசீலனை செய்யலாம்." மூன்று முறை எழுதி, மூன்று முறையும் "நான்" என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். தமிழில் அது சுலபமாகவே முடிகிறது.

அக்டோபர் 13, திங்கள்

மாலையில் அலுவலகத்துக்கே போனேன். எழுத்தர் நல்ல மனிதர்தான். கோப்பை எடுத்து என் படிவத்தை என்னிடமே காட்டினார். நேரில் பார்த்த ஆசிரியர், நீர் தேங்காது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். சிலர் கருதுகிறார்கள் என்பதை வைத்து அதை மாற்ற முடியுமா என்றார். மாற்ற வேண்டுமானால் படிவம் எழுதியவரே, நான் எழுதியது தவறு என்று திருத்தப் படிவம் தர வேண்டும். அப்படித் தந்தால் விளக்கம் கேட்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

திருத்தப் படிவம் ஒன்று வாங்கிக்கொண்டேன். சும்மா இருக்கட்டும் என்று.

அக்டோபர் 14, செவ்வாய்

மலை தெரியவில்லை. மேகம்.

அக்டோபர் 15, புதன்

இன்றும் தெரியவில்லை. இங்கே ஒரு தூறல் இல்லை. பழனாத்தாக்கா அரிசி களைந்துகொண்டே மலைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கீழே மழை பெய்யவேண்டிய அவசியமே இல்லையாம். "மேல பேஞ்சாப் போதுமுங்க. இங்க வெயிலடிக்கும், பள்ளம் பாட்டுக்கு வரும்."

மத்தியானம் அஞ்சலையின் பிள்ளைகள் வரிசையில் தட்டோடு நின்றன.

அக்டோபர் 16, வியாழன்

முதல் பாடவேளையிலேயே எழுதிவிட்டேன். "துறிஞ்சிப்பள்ளம் நீரோடை ஆகும். பள்ளம் என்ற வட்டாரச் சொல்லின் பொருள் அறியாமல் தாழ்நிலம் என்று தவறாகக் குறித்துவிட்டேன். அங்குள்ளவர்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும்." குழந்தைவேல் சாரிடம் காட்டினேன். ஒரு மாதம் பொறுத்திருந்தால் ஊருக்கே போயிருக்கலாமே டீச்சர் என்றார். பிறகு அவரே மேலொப்பம் போட்டுக் கொடுத்தார்.

அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். முத்திரை விழுந்தது. ஆனால் அதிகாரி விடுப்பு. தீபாவளி முடிந்து இருபத்திரண்டாம் தேதிதான் வருவாராம். எழுத்தர் அவருக்குப் போன் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பள்ளி விட்டதும் கொட்டகைகளுக்கு நேராகப் போனேன். போகும்போது ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டையும் எடுத்துப் போனேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

அஞ்சலை அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஏழுமலையும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூடினார்கள். நான் சொன்னேன்: இந்த இடம் ஆபத்து, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள், பள்ளம் வரும்.

அஞ்சலை சிரித்துவிட்டாள். "பள்ளம் எப்புடி டீச்சர் வரும்? காலா மொளச்சிருக்குது?"

அதே கேள்வி. என் வாயிலிருந்து போனது ஒரு மாதம் ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. அவர்கள் மேஸ்திரி, ஆர்டர் இல்லாமல் காலி பண்ண முடியாது, நாளைக்கு வேறு யாராவது இந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். அவர்களுக்கும் எங்கள் ஊர் மாதிரிதான், பள்ளம் என்றால் குழி.

கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தேன். பள்ளம் வந்து தாக்குவது. பள்ளம் வந்து தாக்குவது. கோகிலவாணியின் எருமையையும் படித்தேன். அஞ்சலை என் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் சிவப்பு முட்டை தெரிகிறது.

"இதுக்கு முட்ட போட்டீங்களா?"

"ஆமாம். தப்பு என்னுதுதான். இந்த இடம் நல்ல இடம்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

"எப்பத் தெரிஞ்சுது டீச்சர்?"

நேற்றுதான் என்றேன்.

அக்டோபர் 18, சனி

குழந்தைவேல் சார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து பெஞ்சுகளை ஒதுக்கினார். பதினாறு குடும்பமும் வந்துவிட்டது, மேஸ்திரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினேன். அறுபத்தொரு பேர். பழனாத்தாக்கா கேட்காமலே பெரிய அண்டாவை இறக்கினார்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஊருக்குப் போகவில்லை. குழலி போனில் பேசவே மாட்டேன் என்றுவிட்டாள்.

பளீரென்று வெயில். மலை துடைத்துவிட்டதுபோலத் தெரிகிறது. பள்ளம் வரவில்லை. மேஸ்திரி என் காதில் விழும்படி, நல்ல நாளில் சனங்களைப் பள்ளிக்கூடத்தில் போட்டு அடைத்துவிட்டார்கள் என்றார். நாளை காலை கொட்டகைக்கே திரும்புகிறார்களாம்.

எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். இன்று முழுக்க, பள்ளம் வந்துவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அக்டோபர் 21, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடியும்போதே மலை கறுத்துவிட்டது. நான் வகுப்பு வாசலில் நின்று யாரையும் போகவிடவில்லை. வெட்கம் பார்க்காமல் கையைப் பிடித்து இழுத்தேன். அப்படியும் சிலர், கொட்டகைத் தகரத்தையாவது கழற்றி வந்துவிடலாம் என்று பின்பக்கமாகப் போய்விட்டார்கள். பத்தரை மணி இருக்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. லாரி வருவதுபோல ஒரு சத்தம், ஆனால் சாலையில் லாரி இல்லை. பழனாத்தாக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பள்ளம் வருது" என்றார். கத்தவில்லை. பஸ் வருது என்பதுபோலத்தான் சொன்னார்.

நாங்கள் கரைக்கு ஓடிச் சேர்ந்தபோது மணலே இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் வேரோடு மரங்கள், பதினாறு கொட்டகையின் தகரங்கள். ஆறு கண்ணும் அடைத்துக்கொண்டு பாலத்துக்கு மேலே போனது. தகரம் கழற்றப் போனவர்கள் கரையேறி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவேடு எப்படி என் கையில் வந்தது என்று தெரியவில்லை. கரையில் நின்றே பெயர் வாசித்தேன். உள்ளேன் என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஐம்பத்தொன்பது. மறுபடி வாசித்தேன். ஐம்பத்தொன்பது. அஞ்சலையும் ஏழுமலையும் இல்லை. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூன்றாவது தடவை குழந்தைவேல் சார் பதிவேட்டை வாங்கி வாசித்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஏழுமலையின் மகள்தான் முதலில் பார்த்தாள். எதிர்க்கரையில் துறிஞ்சி மரத்தடியில் ஒரு ஆள் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் ஒரு பெண். எந்தப் பக்கம் கிட்டமோ அந்தப் பக்கம் ஏறியிருக்கிறார்கள்.

அறுபத்தொன்று.

அக்டோபர் 23, வியாழன்

விடைத்தாள் கட்டை மறுபடி எடுத்துப் பத்தொன்பது பேருக்கும் இரண்டுக்கு இரண்டு போட்டேன். பாடநூல் விடை இது இல்லை, தேர்வில் அப்படி எழுதக்கூடாது என்றும் சொன்னேன். கோகிலவாணி, அப்படியென்றால் எது சரி டீச்சர் என்றாள். இரண்டும் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை, முகத்தில் தெரிந்தது.

அக்டோபர் 31, வெள்ளி

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அறுபத்தொரு உயிரைக் காப்பாற்றிய டீச்சர் என்றார். கொட்டகைக்காரர்கள் பின்னால் நின்று கை தட்டினார்கள். போர்த்திக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

மெமோ வந்துவிட்டது. கலந்தாய்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. இவர் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மெமோவில் இரண்டே கேள்விகள். ஒன்று: நில அமைப்பைத் தவறாகக் குறித்தது ஏன்? இரண்டு: இத்தவறு தங்களுக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது?

முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டேன். இரண்டாவதற்குக் குழந்தைவேல் சார் வழி சொன்னார்: "பதினாறாந் தேதின்னு போடுங்க டீச்சர். திருத்தப் படிவத்துல அந்தத் தேதிதான இருக்குது. தெரிஞ்ச அன்னிக்கே குடுத்துட்டீங்கன்னு ஆயிரும்." ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். இவரைத் தவிர யாருக்கும் அது பொய் என்று தெரியாது; எட்டாம் தேதிக் கடிதத்தில்கூட, சிலர் கருதுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. சென்னியப்பன் அண்ணனுக்குத் தேதி ஞாபகம் இருக்காது.

இந்த நோட்டில் மட்டும் இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

அஞ்சலை பிள்ளைகளைக் கூப்பிட வந்தாள். கரட்டுமேட்டில் புதுக் கொட்டகை. பாறையில் குழி போட முடியாமல் கல்லை அடுக்கிக் கம்பு நட்டிருக்கிறார்களாம். முதுகு வலிக்கிறது, மெத்தை போச்சு என்று சிரித்தாள். பையில் எனக்கு ஒரு கரும்புத் துண்டு கொண்டு வந்திருந்தாள்.

"அஞ்சலை, நேத்துதான் தெரிஞ்சுதுன்னு அன்னிக்கு நான் சொன்னது பொய். செப்டம்பர் இருபத்தஞ்சே தெரியும்" என்றேன்.

அவளுக்கு மாதக் கணக்கு உடனே பிடிபடவில்லை. தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் என்று கேட்டாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். நான் மெமோ, மாறுதல், குழலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அத்தினி நாளும் எம் ரெண்டு புள்ளையும் அந்த மணல்லதான டீச்சர் படுத்துச்சுங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கரும்பை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கென்று விட்டுப் போனாளா, மறந்துவிட்டுப் போனாளா என்று தெரியவில்லை.

இழுப்பறையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, மெமோ பறக்காமல் அதன் மேல் வைத்தேன். இரண்டாவது கேள்விக்கு நேராக எழுதினேன்: செப்டம்பர் 25. அதன் கீழே, கேட்காத ஒரு வரியும் எழுதினேன்: "அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் நான் பேசாமல் இருந்தேன். அந்த நாட்களில் பள்ளம் வரவில்லை. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை."